கிறுகிப் பார்த்து நடந்தவர்

போன கிழமை கல்முனைச் சந்தைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் ஒரு பெண் எனக்கு முன்னால் நடந்து போனாள். கறுப்பு அபாயா, கையில் மீன் பை. ஒழுங்கை வளையும் இடத்தில் நின்று, உடம்பு முழுவதையும் திருப்பி வந்த வழியைப் பார்த்தாள். என் கால்கள் தாமாகவே நின்றுவிட்டன. அவள் பார்த்தது எனக்குப் பின்னால் வந்த ஆட்டோவை. கையைக் காட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டாள். நான் நினைத்தவர் அவளல்ல.

நான் நினைத்தவரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கல்முனைக்குடியில் அவரை அறிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தன்னைப் பற்றி நாலு பேர் கதைப்பது அவருக்குப் பிடிக்காது. அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்பதையும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நாவிதன்வெளிப் பக்கம் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்துத் தைக்கிறார் என்று ஒருத்தி சொன்னாள். இல்லை, சம்மாந்துறையில் என்று இன்னொருத்தி சொன்னாள். இரண்டிலும் தையல் மெசின் இருந்தது. அதனால் இரண்டில் எது உண்மையானாலும் எனக்குச் சமாதானம்தான்.

எங்கள் பக்கத்தில் திரும்புவதைக் கிறுகுவது என்போம். அவரை நினைத்தால் முதலில் வருவது அந்தச் சொல்தான். ஏனென்றால் அவர் நடந்த விதம் அது. பத்தடி போவார், கிறுகிப் பார்ப்பார். சந்தி வந்தால் கட்டாயம் பார்ப்பார்.

நான் அவரை அறிந்தது ஊரில் அல்ல, ஜப்பானில். என் கணவர் ஒலுவில் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். மேற்படிப்புக்காக வடக்கே ஒரு கடற்கரை நகரத்தில் அவருக்கு இடம் கிடைத்தபோது, நான் பாடசாலையில் சம்பளமில்லாத லீவு எடுத்துக்கொண்டு கூடப் போனேன். எனக்கு நாட்குறிப்பு எழுதும் வழக்கம் உண்டு. காலநிலை, சமைத்தது, வெளியே போன இடம், கதைத்த ஆட்கள் என்று நான்கு தலைப்பு. அங்கே போன முதல் குளிர்காலம் முழுவதும் நாலாவது தலைப்பின் கீழ் எழுத ஒன்றுமில்லை. கணவர் காலையில் ஆய்வுகூடம் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். கடையில் காசு வாங்கும் பெண் குனிந்து ஏதோ சொல்வாள். நானும் குனிவேன். அதைக் கதைத்ததாக எழுதலாமா என்று யோசித்து, எழுதாமல் விட்டேன்.

இரண்டாவது குளிர்காலத்தில், கணவருடைய கூட்டாளியாகிய இளம் விரிவுரையாளர் ஒருவர் மனைவியோடு எங்கள் கட்டடத்துக்கே குடி வந்தார். அந்த மனைவி அப்போது நிறைமாதம். இருவரும் எங்கள் ஊர்ப் பக்கம். அந்தப் பெண்ணுக்குப் பேறு பார்க்க வந்தவர்தான் இவர், அவளுடைய மூத்த சகோதரி. உம்மா மௌத்தாகிவிட்டதால் வேறு யாரும் வருவதற்கில்லை. இவர் என்னைவிட மூத்தவரா இளையவரா என்று நாங்கள் இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. நான் அக்கா முறையில் ராத்தா என்றேன். அவர் டீச்சர் என்றார்.

வந்த மறுநாளே கடைக்குப் போக வேண்டும் என்றார். கூட்டிக்கொண்டு போனேன். கட்டடத்தின் வாசலில் இருந்து பத்தடி போயிருக்க மாட்டோம்.

“டீச்சர், ஒருக்கா நில்லுங்க.”

“ஏன், ஏதும் விழுந்துட்டா?”

“இல்ல. கிறுகிப் பாத்துட்டு வாறன்.”

“என்னத்த?”

“வழியத்தான். போக்குள்ள பாக்கிற வழி வேற, வரக்குள்ள பாக்கிற வழி வேற. அந்தச் செவப்புப் பொட்டி இப்ப நமக்கு முன்னால நிக்கிது. வரக்குள்ள மரம் அத மறைச்சிரும். நான் அதத் தேடிக்கிட்டு எங்க போற?”

சிவப்புப் பெட்டி தபால் பெட்டி. நான் ஒரு வருடமாக அந்த வழியால் நடக்கிறேன். மரம் அதை மறைக்கிறது என்பது எனக்குத் தெரியாது.

“போன்ல மெப் இரிக்கிதானே ராத்தா.”

“போன்ல சார்ச் முடிஞ்சா மறுகா வழியோட சார்ச் போடுற இடத்தையும் சேத்துத் தேடோணும்,” என்றார்.

அந்த வீதியோரமாக ஒரு சிறு கால்வாய் ஓடுகிறது. சிமெந்துக் கரை, முழங்காலளவு தண்ணீர். மலையில் இருந்து வந்து துறைமுகத்தில் விழும். அவர் அதன் ஓரத்தில் குந்தி, காய்ந்த இலை ஒன்றைப் போட்டுப் பார்த்தார். “தண்ணியும் நம்மளோடதான் வருது,” என்று சொல்லிக்கொண்டு எழும்பினார். வயல் பார்த்த குடும்பம். வாய்க்காலைக் கண்டால் சும்மா கடக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

இவ்வளவு கவனமான ஆள், கொழும்பில் இருந்து அங்கே எப்படித் தனியாக விமானம் மாறி வந்து சேர்ந்தார் என்று கேட்டேன்.

“வேன்ல ஊர உட்டு வெளிக்கிட்ட நேரம் நான் பின் சீட்டுல கிறுகித்தான் இருந்தன். காரைதீவுச் சந்தி போனது, நிந்தவூர் போனது, எல்லாம் பாத்தன். கழுத்து நொந்து போச்சி. பிளேன்ல ஏறினா எங்க கிறுகிற? சன்னலுக்கு வெளிய மேகம். சரி, அல்லாஹ் காட்டுவான் என்டு உட்டுட்டன்.”

“பிளேன் மாறின இடத்துல?”

“என்டோட வந்த ஒரு பொம்புள நீலப் பை வெச்சிருந்தா. அவக்குப் பின்னாலயே போனன். கடசியில பாத்தா அவ கக்கூசிக்குப் போறா.”

“மறுகா?”

“மறுகா என்ன, நானும் போய்ட்டு வந்தன். போற வேலதானே.”

அன்று நாட்குறிப்பில் நாலாவது தலைப்பின் கீழ் ஒரு பக்கம் எழுதினேன்.

எங்கள் இருவருக்கும் அங்கே உள்ள பெரிய தொல்லை சாப்பாடு. பன்றி இறைச்சியும் மதுவும் எதில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்த்து அறிய முடியாது. என்னிடம் ஓர் அட்டை இருந்தது. எதையெல்லாம் சாப்பிட மாட்டோம் என்று கணவருடைய ஆய்வுகூடத்தில் ஒருவர் ஜப்பான் மொழியில் அழகாக எழுதித் தந்திருந்தார். அதைக் கடைக்காரர்களிடம் நீட்டுவேன். அவர்கள் இரண்டு கையாலும் வாங்கி, நிதானமாக வாசித்து, முகம் வாடி, குனிந்து மன்னிப்புக் கேட்பார்கள். நான் அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே வருவேன்.

ஒருநாள் அவருடைய தங்கைக்கு ஆஸ்பத்திரியில் பரிசோதனை. காத்திருந்து எங்கள் இருவருக்கும் நல்ல பசி. பக்கத்தில் இருந்த சாப்பாட்டுக் கடைகளில் அட்டையை நீட்டி நீட்டி வெளியே வந்துகொண்டிருந்தோம்.

“டீச்சர், அந்தக் காயிதத்த பேக்குக்குள்ள வெச்சிருங்க,” என்றார். “அதக் காட்டினா ஆக்கள் மௌத்து ஊட்டுல குனியிற மாதிரிக் குனியிறாங்க. நமக்குச் சோறு வேணும், அனுதாபம் வேணா.”

“அப்ப என்னத்தச் சாப்பிடுற?”

“தலையும் வாலும் தெரியிறதத் தின்னுவம்.”

அதுதான் அவருடைய சட்டம். முழு மீன் என்றால் தலையும் வாலும் தெரியும், சாப்பிடலாம். முட்டை முட்டையாக இருக்க வேண்டும். வாழைப்பழம் தோலோடு. சோறு வெள்ளையாக. நறுக்கியது, அரைத்தது, பொரித்து மூடியது, குழம்புக்குள் கிடப்பது எதுவும் கூடாது. “எனக்கு இஞ்ச ஒருத்தரையும் கேக்க ஏலா. அப்ப சாமான்தான் தன்னக் காட்டோணும்,” என்பார்.

உள்ளே போய் உட்கார்ந்தோம். அவர் பக்கத்து மேசைக் கிழவரின் சோற்றுக் கோப்பையைக் காட்டினார். பிறகு கையை முட்டையின் வடிவத்தில் குவித்துக் காட்டினார். சோறு வந்தது. சிறு கிண்ணத்தில் ஓட்டோடு ஒரு முட்டையும் வந்தது. அவர் அதை மேசையில் வைத்துச் சுழற்றினார். அது தள்ளாடி நின்றது.

“பச்ச முட்ட,” என்றார். “இந்த மனிசன் என்ன, நம்மள அடை காக்கச் செல்லுறாரா?”

பக்கத்து மேசைக் கிழவர் உதவி செய்ய நினைத்து, தன் முட்டையை உடைத்துச் சோற்றின்மேல் ஊற்றிக் கலக்கிக் காட்டினார். ராத்தா அதைக் கண்ணெடுக்காமல் பார்த்திருந்துவிட்டு, “அல்லாஹ்வே, அந்த வாப்பாட ஊட்டுல அடுப்பு இல்லப் போல,” என்று என் பக்கம் சாய்ந்து சொன்னார். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முட்டையைத் தூக்கிக்கொண்டு அவர் கடைக்காரரிடம் போனார். விரல்களைக் கீழே நெருப்புப்போல் ஆட்டி, மேலே முட்டையைப் பிடித்து, வாயால் குமிழி வெடிக்கும் சத்தம் செய்தார். கடைக்காரர் முதலில் பயந்தார், பிறகு விளங்கிச் சிரித்தார். அவித்த முட்டை வந்தது. அவர் கைப்பையில் இருந்து மாசிச் சம்பல் போத்தலை எடுத்தார். பிஸ்மி சொல்லிச் சாப்பிட்டோம். வெளியே வரும்போது அந்தக் கடையை அவர் நின்று, கிறுகி, நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டார்.

எல்லா இடத்தையும் அப்படிப் பார்த்து வைத்தார் என்று சொல்ல முடியாது. ஒரு பெரிய கடையில் காவற்காரன் ஒருவன் அவர் உள்ளே நுழைந்ததில் இருந்து பின்னாலேயே வந்தான். அவர் ஒரு பொருளை எடுத்து மணந்து பார்த்து வைத்தால், அவன் அதைச் சரிபார்த்து அடுக்கினான். ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தோம். அவர் விறுவிறுவென்று நடந்தார். சந்தி வந்தது, தாண்டினார். நான்தான் நின்றேன்.

“ராத்தா, இஞ்ச கிறுகிப் பாக்கல்லையா?”

“எதுக்கு? இனி இஞ்ச வாற வேல இல்லையே,” என்றார்.

குரலில் கோபமில்லை. கணக்கு முடிந்தது என்பதுபோல் சொன்னார்.

இப்போது வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்களில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். இவர்களுடைய வாப்பாவுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவருக்கென்று கல்முனைக்குடியில் கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டைக் கட்டத் தொடங்கினார். சுவர் எழும்பி, கூரை போடாமல் பல வருடம் நின்றது. மூத்தவருக்குப் பேசிய இடங்கள் எல்லாம் வீடு முடியட்டும் என்று தள்ளிப் போயின. கூரை போட்ட வருடம் இளையவளுக்குப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் கம்பஸ் மாப்பிள்ளை வந்தது. இரண்டாவது வீடு கட்ட வாப்பாவுக்கு வசதி இல்லை, ஆயுளும் இருக்கவில்லை. வீடு இளையவள் பெயருக்குப் போனது. மூத்தவர் அதே வீட்டில் குசினிப் பக்கத்து அறையில், ஒரு தையல் மெசினோடு இருந்தார். தங்கையும் மாப்பிள்ளையும் ஜப்பான் வந்த பிறகு அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான்.

இதை எனக்குச் சொன்னது தங்கை. தன் ராத்தாவைப் பெருமையாக நினைத்துத்தான் சொன்னாள். “அவதான் செல்லின, தங்கச்சிக்குக் குடுங்க என்டு,” என்றாள். அதற்குமேல் அவளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. ஆனால் தங்கைக்குப் பால் சுரக்கவில்லை. குழந்தை அழும், தாயும் சுவரைப் பார்த்தபடி அழுவாள். ஆஸ்பத்திரியில் புட்டிப் பால் மாவு தந்தார்கள். அவர் அதைக் கரைத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, “சுறா வேணும்,” என்றார். ஊரில் பிள்ளை பெற்றவளுக்குச் சுறாவை அவித்து உதிர்த்துப் புட்டோடு கொடுப்போம். பால் ஊறும் என்பது நம்பிக்கை. ஜப்பானில் சுறாவுக்கு எங்கே போவது என்றேன்.

“கடல் இரிக்கிற ஊருல சுறா இல்லாம இரிக்குமா டீச்சர்?”

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மீன் கடை. தாயும் மகனும் நடத்தினார்கள். அங்கே போய், வலது கையை முதுகுக்குப் பின்னால் செட்டைபோல் நிமிர்த்தி, கடைக்குள் வளைந்து வளைந்து நடந்தார். மகன் பயந்து தாயைக் கூப்பிட்டான். தாய்க்கிழவி வந்து பார்த்தாள். அவர் இன்னொருதரம் நடந்து காட்டி, பிறகு கைகளில் குழந்தையை ஏந்துவதுபோல் காட்டி, நெஞ்சைத் தொட்டு, கைகளை விரித்து இல்லை என்று காட்டினார். எனக்கு அந்த இடத்தில் நிற்கக் கூச்சமாக இருந்தது. கிழவிக்குக் கூச்சமில்லை. அவள் தன் நெஞ்சைத் தொட்டு ஏதோ நீளமாகச் சொன்னாள். அவர், “ஓம், அதேதான் உம்மா, அதேதான்,” என்றார். அடுத்த முறை நாங்கள் போனபோது, ஐசுக்கு மேல் சின்னச் சுறா ஒன்று வாயைத் திறந்தபடி கிடந்தது. தலையும் வாலும் தெரிந்தன.

பால் வந்தது. சுறாவால் வந்ததா, பக்கத்தில் ஒரு ஆள் இருந்ததால் வந்ததா என்று எனக்குத் தெரியாது. அதன்பிறகு அவர் கிழமைக்கு ஒருநாள் அந்தக் கடைக்குத் தனியாகவே போகத் தொடங்கினார்.

குழந்தை பிறந்து நாற்பது நாள் கழிந்து சில நாட்கள். பகல் சாப்பாட்டுக்கு என்னையும் கணவரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் புட்டுக் குழலைத் தட்டிக்கொண்டிருந்தார். தங்கையின் கணவர் நல்ல மனிதர், மெல்லப் பேசுபவர். படிப்பு முடியும் கையோடு இங்கேயே ஒரு கம்பனியில் வேலை கிடைக்கப் போகிறது என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்றோம். தங்கையும் மொழி படித்து வேலைக்குப் போக நினைத்திருக்கிறாள் என்றார்.

“அப்ப ஊரு?” என்று என் கணவர் கேட்டார்.

“ஊருக்கு இனி எங்க வாற சேர்? இஞ்ச ஒரு ஊடு எடுக்கிற யோசின. கல்முனைக்குடி ஊட்ட வித்திட்டா அந்தக் காசு அதுக்கு உதவும். பொருத்தமான ஆள் ஒண்டு கேட்டிருக்கி.”

புட்டுக் குழல் தட்டுவது நின்றது. தங்கை எழும்பிக் குசினி வாசலில் போய் நின்றாள்.

“ராத்தா, ஒங்களுக்குச் செல்லத்தான் இருந்தம். நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. விசா முடிய ஊருக்குப் போய்ச் சாமான் சட்டி எல்லாம் ஒதுக்கிட்டு, மறுகா எங்களோடயே வந்திருங்க. டிக்கட் நாங்க அனுப்புவம். புள்ளயும் ஒங்கட கையிலதானே கிடக்கா. தனிய அங்க இருந்து என்ன செய்யப்போறீங்க?”

அவள் அன்போடுதான் கேட்டாள். அதை எழுதாமல் விடுவது சரியல்ல.

அவர் குழலைக் கவிழ்த்துப் புட்டைத் தட்டில் தள்ளினார். “ஒண்ட ஊடு புள்ள. ஒண்ட விருப்பம்,” என்றார். பிறகு, “தையல் மெசின் மட்டும் எண்ட. அதச் சேத்துக் குடுத்திராதீங்க,” என்றார்.

“இஞ்ச புதுசு வாங்கித் தாறன் ராத்தா!”

“அது எண்ட கைக்குப் பழகிப் போச்சி.”

வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. தங்கை அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். சாப்பாடு பரிமாறப்பட்டது. நான் அவரைப் பார்த்தேன். அவர் எல்லோருக்கும் வைத்துவிட்டு, கடைசியில் தனக்கு வைத்துக்கொண்டு, குசினிக்குள்ளேயே நின்று சாப்பிட்டார்.

அடுத்த கிழமை மீன் கடைக்குப் போனவர் வழக்கமான நேரத்துக்குத் திரும்பவில்லை. அவர் போகும்போது வானம் மூட்டமாக மட்டும்தான் இருந்தது. பிறகு பனி கொட்டத் தொடங்கியது. எனக்கு அந்த நகரத்தில் பனி புதிதல்ல. ஆனால் அன்றுபோல் ஒரு பனியை நான் கண்டதில்லை. சன்னலால் பார்த்தால் எதிர்க் கட்டடமே இல்லை. அவருடைய போன் சமையலறையில் கிடந்தது. தங்கை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் நடந்தாள். அவளுடைய கணவர் ஆய்வுகூடத்தில் இருந்து வெளிக்கிட்டுவிட்டார், பஸ் ஓடவில்லை என்று செய்தி வந்தது.

நான் தேடிப் போனேன். சிவப்புப் பெட்டி வெள்ளையாகிவிட்டது. மரமும் மதிலும் வண்டிகளும் ஒரே உருவம். அவர் கிறுகிப் பார்த்துச் சேர்த்து வைத்த அடையாளம் ஒவ்வொன்றும் அழிந்திருந்ததைப் பார்த்தேன். இனி அவருக்கு வழி கேட்கத்தான் வேண்டும். கேட்க ஒரு வார்த்தை கிடையாது. நாங்கள் இருக்கும் வீதியின் பெயரும் அவருக்குத் தெரியாது. சந்திக்கு அப்பால் போனால் நானே திரும்ப முடியாது என்று விளங்கியதும் வந்துவிட்டேன்.

பின்னேரம் அசர் தொழுகை நேரம் முடியும் தறுவாயில் கதவு திறந்தது. முக்காடெல்லாம் பனி. கண் இமையில் பனி. கையில் மீன் பை. சிரித்தார்.

தங்கை எழும்பிய வேகத்தில் குழந்தை வீரிட்டது.

“எங்க போனீங்க ராத்தா? ஒங்களுக்கு ஏதும் நடந்தா எண்ட புள்ளய ஆரு பாக்கிற?”

தங்கைக்கே தான் சொன்னது கேட்டிருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டாள். பயத்தில் வந்த சொல்தான். ஆனால் வந்துவிட்டது.

“அதான் வந்துட்டனே புள்ள,” என்றார் அவர். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. பையை வைத்துவிட்டு, கையைச் சூடாக்கிக்கொண்டு, குழந்தையை வாங்கினார். குழந்தை அடங்கியது.

எப்படி வந்தீர்கள் என்று நான் மறுநாள்தான் கேட்டேன்.

“முதல்ல கொஞ்ச நேரம் நிண்டன் டீச்சர். எந்தப் பக்கம் கிறுகினாலும் வெள்ளச் சீல. அழுக வந்தது. மறுகா தண்ணிச் சத்தம் கேட்டிச்சி. பனி எல்லாத்தையும் மூடும், ஓடுற தண்ணிய மூடுமா? போக்குள்ள தண்ணி என்டோட வந்தது. அப்ப அதுக்கு எதிராப் போனா ஊடு வரும்தானே.” பிறகு, “ஊடு என்டு செல்லிட்டன். ஒங்கட கட்டடம்,” என்றார்.

போகும் நாள் நெருங்கியது. தங்கை பெட்டி அடுக்கினாள். அவர் திரும்பி வரும்போது ஊரில் இருந்து கொண்டுவர வேண்டியவற்றைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். புட்டுக்கு அரிசி மா, சரக்குத் தூள், குழந்தைக்குப் பருத்திச் சட்டை. அவர் ஒவ்வொன்றுக்கும் ஓம் ஓம் என்றார். ஒரு பின்னேரம் நானும் அவரும் கால்வாய் ஓரம் நடந்தோம். அன்றும் வழமைபோல் நின்று நின்று கிறுகினார். நான் கேட்டுவிட்டேன்.

“மறுகா வருவீங்களா ராத்தா?”

“நான் போனா நீங்க ஆரோட கதைப்பீங்க டீச்சர்?” என்றார்.

நான் குனிந்தேன். இலை ஒன்றை எடுத்துத் தண்ணீரில் போட்டேன். அது போனது.

அந்த நகரத்து விமான நிலையம் மிகச் சிறியது. அங்கிருந்து ஒரு விமானம், பிறகு பெரிய நகரத்தில் மாறிக் கொழும்புக்கு. நாங்கள் எல்லோரும் போனோம். அவர் குழந்தையைக் கன்னத்தோடு சேர்த்து வைத்து, காதில் ஏதோ ஓதி ஊதினார். தங்கையைக் கட்டிக்கொண்டார். இருவரும் அழுதார்கள். என் கையைப் பிடித்து, “அந்த முட்டக் கடைக்குத் தனியப் போங்க. கூச்சப்படாதீங்க,” என்றார். மாசிச் சம்பல் போத்தலை என் பைக்குள் வைத்தார்.

சோதனை செய்யும் இடத்துக்கு அப்பால் நீண்ட நடைபாதை. எங்களுக்கும் அதற்கும் இடையில் கண்ணாடிச் சுவர் மட்டும்தான். போகிற ஆட்களைக் கடைசி வளைவு வரைக்கும் பார்க்கலாம். எல்லோரும் அங்கே நின்று கை காட்டுவார்கள். போகிறவர்களும் நின்று நின்று கை காட்டிப் போவார்கள்.

அவர் நடந்தார். கறுப்பு அபாயா, தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. நடை நேராக இருந்தது.

“இப்ப கிறுகிப் பாப்பா, பாருங்க டீச்சர்,” என்றாள் தங்கை. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, குழந்தையைக் கண்ணாடிக்கு அருகே தூக்கி, அதன் சின்னக் கையைப் பிடித்து உயர்த்தினாள். “அவவுக்குக் கிறுகாம நடக்க ஏலா. பெரியம்மாக்குக் காட்டு புள்ள, காட்டு.”

பாதி வழி போனார். முன்னால் போன ஒரு தம்பதி நின்று எங்கள் பக்கம் யாருக்கோ கை காட்டினார்கள். அவர் அவர்களைத் தாண்டிப் போனார். வளைவு வந்தது. அங்கே நின்றார். தங்கை குழந்தையின் கையை வேகமாக ஆட்டினாள்.

அவர் கையில் இருந்த பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு வளைவுக்குள் போய்விட்டார்.

“இந்தக் கண்ணாடியால அவவுக்கு நம்மளத் தெரிஞ்சிருக்காது, என்ன டீச்சர்?” என்றாள் தங்கை.

“ஓம்,” என்றேன்.

அவள் குழந்தையின் கையை உடனே இறக்கவில்லை.